லீவுக்கு கார்ல கிளம்புறீங்களா? வாசகர் கேள்வி – பதில்

லீவு சீசன் வந்துட்டாலே நம்ம கேள்வி பெட்டி முழுக்க கார் வாசனைதான். டயர், ஆயில், பேட்டரின்னு எல்லாரும் வண்டியைப் பத்தி விலாவாரியா கேட்டிருக்கீங்க, ஓட்டப்போற ஆளைப் பத்திக் கேட்டது ரொம்பக் கம்மி. வண்டி சொல்லி வைச்சா ரெடி ஆயிடும், ஆளுதான் கஷ்டம். சரி, கேள்விக்குப் போவோம்.

நாளான்னிக்கு ஃபேமிலியோட லாங் ட்ரிப். நாளைக்கு வண்டியை சர்வீஸ் விட்டு சாயந்திரம் எடுத்துடலாம்னு இருக்கேன். கரெக்ட்தானே சார்?

கரெக்ட் இல்ல. சர்வீஸ்னா கழட்டி மாட்டுற வேலை. கழட்டி மாட்டினதுல ஒரு கிளிப் சரியா உக்காராம போகலாம், ஒரு ஹோஸ் லூசா இருக்கலாம், ஆயில் மாத்தின இடத்துல லேசா கசியலாம். அப்படி ஏதாவது இருந்தா முதல் நூறு இருநூறு கிலோமீட்டர்லயே பெரும்பாலும் காட்டிக் குடுத்துடும். அந்த இருநூறு கிலோமீட்டரை தினமும் ஆபீஸ் போற ரோட்டுல ஓட்டினா திரும்பிப் போய் சரி பண்ணிட்டு வரலாம், நடு ஹைவேல பிள்ளைகுட்டியோட ஓட்டினா என்ன பண்ணுவீங்க? ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே விட்டு எடுத்து, நாலு நாள் சாதாரணமா ஓட்டிப் பாத்துட்டு கிளம்புறதுதான் முறை.

உங்களுக்கு இப்போ டைம் இல்ல. சர்வீஸ் தேதி தாண்டல, வண்டில ஒரு கம்ப்ளைன்ட்டும் இல்லன்னா அதை நோண்டாம விடுங்க. காலைல இஞ்சின் ஆறி இருக்கும்போது பானெட்டைத் தூக்கி இஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக், கூலன்ட் டேங்க், பிரேக் ஆயில் மூணும் மினிமம், மேக்ஸிமம் கோட்டுக்கு நடுவுல இருக்கான்னு பாருங்க, வைப்பர் தண்ணியை ரொப்புங்க, வீட்ல யாரையாவது பின்னாடி நிக்க வச்சு பிரேக் லைட், இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட் எல்லாம் எரியுதான்னு கேளுங்க. வண்டி நின்ன இடத்துல தரையில கறை இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. சுத்தமான தண்ணி சொட்டினா ஏசி தண்ணி, கவலை இல்ல. பிசுபிசுப்பாவோ கலராவோ இருந்தா கிளம்பாதீங்க, காட்டிட்டுப் போங்க.

பிரேக் ஆயில் பத்தி மட்டும் ஒண்ணு சேத்து சொல்லிடறேன். லெவல் குறைஞ்சிருந்தா சும்மா ஊத்தி ரொப்பிட்டு போயிடாதீங்க. பிரேக் பேட் தேய்ஞ்சாலும் லெவல் இறங்கும், எங்கயாவது லீக் இருந்தாலும் இறங்கும். ஏன் இறங்குச்சுன்னு தெரியாம அதை மறைக்கக் கூடாது. அப்புறம் அந்த ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். டாட் 4ங்கிற ரக பிரேக் ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும், ஈரம் ஏறின பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிடலாம். அதனாலதான் லெவல் கரெக்டா இருந்தாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றாங்க.

டயர் ஓரத்துல மேக்ஸ் 51 பிஎஸ்ஐன்னு அச்சடிச்சிருக்கு, காத்து அடிக்கிறவர் 33 போதும்ங்கறார். யாரை நம்புறது?

அவரை நம்பலாம். அதைவிட டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒட்டியிருக்கே ஒரு ஸ்டிக்கர், அதை நம்புங்க, சில வண்டில பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் இருக்கும். டயர்ல போட்டிருக்கறது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதே டயரை நாலு மாடல் காருக்கு மாட்டுவாங்க, உங்க காரோட வெயிட் என்னன்னு டயர் கம்பெனிக்கு எப்படித் தெரியும்? ஸ்டிக்கர்ல ரெண்டு கணக்கு இருக்கும், ரெண்டு பேர் போனா இவ்வளவு, ஃபுல் லோடுன்னா இவ்வளவுன்னு. லீவு ட்ரிப்புக்கு ரெண்டாவது கணக்குதான் உங்களுது, நிறைய பேர் அதைப் பாக்கறதே இல்ல.

காத்து செக் பண்றது டயர் ஆறி இருக்கும்போது. ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு வந்து பாத்தா நாலஞ்சு பிஎஸ்ஐ கூடக் காட்டும், ஐயோ ஜாஸ்தி ஆயிடுச்சேன்னு இறக்கி விட்டா, ஆறினதும் குறைச்சலா ஆயிடும். டயர் வெடிக்கிறதுக்கு பெரிய காரணமே இந்தக் குறைச்சல்தான், ஜாஸ்தி காத்து இல்ல. காத்து கம்மியா இருந்தா ஓரம் மடங்கி மடங்கி சூடேறும், மேல லோடு, கீழ கொதிக்கிற ரோடு, ஸ்பீடு வேற, எல்லாம் சேர்ந்து டயரோட உள் அடுக்கு பிரிய ஆரம்பிச்சுடும். நைட்ரஜன் அடிக்கணுமான்னு இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க, சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அடிச்சா தப்பில்ல, அடிக்கலைன்னா குறைஞ்சும் போயிடாது.

அப்படியே டயர் வயசையும் பாத்துடுங்க. ஓரத்துல DOT (டாட்)னு ஆரம்பிக்கிற நம்பரோட கடைசி நாலு இலக்கம், 2319ன்னு இருந்தா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பட்டன், அதாவது ரோட்டைத் தொடற மேடு, நல்லா இருந்தாலும் ரொம்ப வயசான டயர்ல ரப்பர் காய்ஞ்சு கீறல் விட்டிருக்கும். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர்ங்கிறது பல நாடுகள்ல சட்டப்படி கடைசி எல்லை. டயர் பள்ளத்துக்குள்ள குட்டி மேடு மாதிரி ஒரு அடையாளம் இருக்கும், தேய்மானம் அதைத் தொட்டா மாத்தியே ஆகணும். மழை ரோட்டுல போறவங்க 3 மில்லிமீட்டர்லயே மாத்திட்டா நல்லது, ஏன்னா தண்ணியை ஒதுக்கித் தள்ளுறது அந்தப் பள்ளம்தான்.

ஸ்டெப்னியை மறக்காதீங்க. அதுலயும் காத்து இருக்கணும், ஜாக்கி, ஸ்பேனர் டிக்கில இருக்கணும், அலாய் வீலுக்கு திருட்டுப் போகாம இருக்க லாக் நட் போட்டிருந்தா அதுக்கான சாவி இருக்கணும். அந்தச் சாவி இல்லாம ஸ்டெப்னி இருந்தும் ஒண்ணும் பண்ண முடியாது. கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்லயே ஒரு தடவை வீலைக் கழட்டி மாட்டிப் பாருங்க, போல்ட் மெஷின்ல டைட் பண்ணி அசையாம இருந்தா இப்பவே தெரிஞ்சுக்கலாம். ஒல்லியா ஒரு ஸ்டெப்னி குடுக்கறாங்களே, அதுக்கு சாதாரணமா 80 கிலோமீட்டர் வேகம்தான் எல்லை, பஞ்சர் கடை வரைக்கும் போறதுக்குத்தான், மிச்ச ட்ரிப்பை அதுலயே ஓட்டறதுக்கு இல்ல.

காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு. அப்புறம் ஏன் சார் இவ்ளோ பயமுறுத்துறீங்க?

பம்பர் மாத்திக் குடுப்பாங்க. முதுகெலும்பு?

வீட்டுக்காரர் ஆபீஸ் முடிச்சு வந்து, பேக்கிங் முடிச்சு, ராத்திரி 2 மணிக்குக் கிளம்பினா ரோடு காலியா இருக்கும், விடியறதுக்குள்ள பாதி தூரம் போயிடலாம்ங்கறார். ஓட்டறது அவர் ஒருத்தர்தான். எனக்கு மனசு ஒப்பலை, ஆனா என்ன சொல்லி நிறுத்துறதுன்னு தெரியலை.

உங்க மனசு சரியாத்தான் சொல்லுது. அவர்கிட்ட சண்டை போடாம கணக்கு போட்டுக் காட்டுங்க. காலைல ஆறு மணிக்கு எந்திரிச்சவர் ராத்திரி 2 மணிக்கு சாவியைத் திருப்பும்போதே 20 மணி நேரம் முழிச்சிருக்கார். 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருக்கற ஆளோட கவனமும் கை வேகமும் ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கற ஆளு மாதிரி ஆயிடும், 24 மணி நேரம்னா 0.10 சதவீதம் மாதிரின்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க. பல நாடுகள்ல 0.05 தாண்டினாலே வண்டி ஓட்டக்கூடாது. அதாவது உங்க வீட்டுக்காரர் ஒரு சொட்டு குடிக்காமலே அந்த நிலைமையைத் தாண்டித்தான் ஸ்டியரிங்ல உக்காரப்போறார்.

இதுல இன்னொரு வில்லங்கம், ராத்திரி 2ல இருந்து காலைல 6 வரைக்கும் உடம்போட கடிகாரமே தூங்குன்னு சொல்ற நேரம், மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் 2ல இருந்து 4 வரை இன்னொரு சின்ன சரிவு உண்டு. ரோடு காலியா இருக்குன்னு சந்தோஷப்படறோம், ஆனா நேரான காலி ரோடு, ஒரே சத்தத்துல ஓடுற இஞ்சின், பின்னாடி எல்லாரும் தூங்குறாங்க, தூக்கம் வர இதைவிட வேற என்ன வேணும்? கண்ணு சொருகுறது ரெண்டு செகண்டு நாலு செகண்டுதான் இருக்கும், அவருக்கே தெரியாது தூங்கினோம்னு. 100 கிலோமீட்டர் வேகத்துல ஒரு செகண்டுக்கு 28 மீட்டர் போகும் வண்டி, நாலு செகண்டுன்னா 110 மீட்டர், ஆளில்லாத கார் மாதிரிதான் போகும்.

கண்ணாடியை இறக்கி விடறது, பாட்டை சத்தமா வைக்கறது, முகத்துல தண்ணி தெளிக்கறது எல்லாம் கொஞ்ச நேரத்துக்கு முழிச்ச மாதிரி காட்டும், அவ்வளவுதான். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டும்தான். வழில அசந்தா பாதுகாப்பான இடத்துல நிறுத்தி, ஒரு காபி குடிச்சுட்டு உடனே 15, 20 நிமிஷம் கண்ணை மூடலாம். காபி வேலை செய்ய எப்படியும் அரை மணி ஆகும், முழிக்கும்போது ரெண்டும் சேர்ந்து கை குடுக்கும். ஆனா ராத்திரி முழுக்க தூங்காத ஆளுக்கு இது போதாது, அவருக்கு ரூம் எடுத்துப் படுக்கறதுதான் வழி.

எப்படி சொல்லணும்னு கேட்டீங்க இல்லையா. "போக வேண்டாம்"னு சொல்லாதீங்க, "பேக்கிங் முந்தின நாளே நான் முடிச்சுடறேன், நீங்க ஒன்பது மணிக்குப் படுங்க, விடிகாலை அஞ்சரைக்குக் கிளம்பலாம்"னு சொல்லுங்க. பெரும்பாலும் ஆம்பளைங்க ராத்திரி கிளம்புறதுக்குக் காரணம் வீரம் இல்ல, ஒரு நாள் லீவு மிச்சமாகும்ங்கிற கணக்குதான். முதல் நாளை பயணத்துக்குன்னே ஒதுக்கிட்டா அந்தக் கணக்கு தேவைப்படாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கால் மணி நேரம் நிறுத்தணும்னும் முதல்லயே பேசி வச்சுக்குங்க, வண்டில ஏறின பிறகு பேசினா "இன்னும் கொஞ்சம் போயிடலாம்"தான் ஜெயிக்கும்.

சளி, அலர்ஜிக்கு அவர் ஏதாவது மாத்திரை போடறாரான்னும் கேளுங்க. செட்ரிசின், குளோர்ஃபெனிரமைன் மாதிரி மாத்திரை தூக்கத்தை இழுக்கும், மறுநாள் காலை வரைக்கும்கூட மந்தமா வச்சிருக்கும். டாக்டர்கிட்ட வண்டி ஓட்டணும்னு சொல்லி வேற கேட்டு வாங்கிக்கலாம்.

எங்க அம்மா, ஒன்றரை வயசுப் பேரனை மடியில வச்சுக்கிட்டாத்தான் பாதுகாப்புன்னு சொல்றாங்க. சைல்டு சீட்ல குழந்தை அழறான். பின் சீட்டுக்கு பெல்ட்டும் தேவையில்லன்னு வாதம்.

அம்மாவோட அன்புல குறை சொல்ல முடியாது, ஆனா கைக்கு அந்த பலம் கிடையாது. 50 கிலோமீட்டர் வேகத்துல மோதினா பத்து கிலோ குழந்தை அந்த ஒரு கணத்துல நூத்துக்கணக்கான கிலோ மாதிரி இழுக்கும், பயில்வானால கூட பிடிக்க முடியாது. அதைவிட மோசம், பெல்ட் போடாத பெரியவங்க முன்னாடி தள்ளப்படும்போது குழந்தைதான் நடுவுல நசுங்கும். ஒரே பெல்ட்டை ரெண்டு பேருக்கும் சேத்துப் போடறாங்களே, அதுவும் இதே கதைதான்.

இந்த வயசுக்கு பின்பக்கம் பாத்து உக்கார வைக்கிற சீட்தான் நல்லது, ஏன்னா தலை கனமா, கழுத்து பிஞ்சா இருக்கும், மோதும்போது முதுகு முழுக்க அந்த அடியை வாங்கிக்கும். சீட்ல எழுதியிருக்கற உயரம், எடை வரைக்கும் அப்படியே வைங்க. ஆனா ஏர்பேக் ஆன்ல இருக்கற முன் சீட்ல அதை வைக்கவே கூடாது, ஏர்பேக் விரியற வேகத்துல நேரா குழந்தை தலைக்குப் பின்னாடிதான் அடிக்கும். அழறதுக்கு என்ன பண்றதுன்னா, ட்ரிப்புக்கு ரெண்டு வாரம் முன்னாடியே பக்கத்து கடைக்குப் போறப்பல்லாம் அதுல உக்கார வச்சுப் பழக்குங்க. கிளம்புற அன்னிக்கு முதல் தடவையா கட்டிப் போட்டா யார்தான் அழ மாட்டாங்க.

பின் சீட்ல பெல்ட் போடாத ஆளு மோதும்போது நேரா வந்து முன் சீட்காரர் முதுகுலதான் விழுவார். வாதம் பண்ற அம்மாவுக்கு இதைச் சொல்லுங்க, "உனக்காக இல்லம்மா, முன்னாடி உக்காந்திருக்கற எனக்காகப் போடு"ன்னா போட்டுடுவாங்க. வீட்ல யாராவது கர்ப்பமா இருந்தா கீழ் பெல்ட் வயித்துக்கு அடியில இடுப்பெலும்பு மேல வரணும், வயித்து மேல இல்ல.

கார் டாப்ல கேரியர் போட்டு எவ்வளவு வேணா ஏத்தலாமா?

ஏத்தக்கூடாது. நிறைய கார்களுக்கு கூரை தாங்குற எல்லை 50ல இருந்து 75 கிலோதான், கேரியரோட வெயிட்டும் அதுக்குள்ள அடக்கம். உங்க வண்டி மேனுவல்ல பாத்துக்கோங்க. மேல வெயிட் ஏறினா வளைவுல சாயும், பக்கக் காத்துல ஆடும், பிரேக் பிடிச்சா நிக்கற தூரம் கூடும். கனமான பெட்டியெல்லாம் டிக்கில கீழ, பின் சீட் முதுகை ஒட்டி வைங்க, லேசானது மேல. பின் கண்ணாடியை மறைச்சு தலைகாணி அடுக்காதீங்க, பின் தட்டுல தண்ணி பாட்டில், குடைன்னு எதையும் சும்மா வைக்காதீங்க, பிரேக் அடிச்சா அதெல்லாம் தலையைப் பாத்து வரும். பின்னாடி லோடு ஏறினா ஹெட்லைட் மேல தூக்கி எதிர்ல வரவன் கண்ணைக் கூசும், டேஷ்போர்டுல 0, 1, 2, 3ன்னு ஒரு திருகு இருந்தா அதை வச்சு இறக்கிக்கலாம்.

மலை இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்னு நண்பன் சொல்றான்.

மிச்சம் இல்ல, செலவு. இப்போ இருக்கற இன்ஜெக்ஷன் வண்டிங்க கியர்ல இருந்து ஆக்சிலேட்டரை விட்டா இறக்கத்துல பெட்ரோலையே நிறுத்திடும், சக்கரம்தான் இஞ்சினைச் சுத்தும். நியூட்ரல் போட்டா இஞ்சின் அணையாம இருக்கறதுக்கே பெட்ரோல் குடிக்கும். இதைவிட முக்கியம், நியூட்ரல்ல வண்டியைப் பிடிச்சு நிறுத்த பிரேக் ஒண்ணுதான் இருக்கு, அதையே மிதிச்சுக்கிட்டு இறங்கினா டிஸ்க் பழுக்கும், முன்னாடி சொன்ன அந்த ஈரம் ஏறின பிரேக் ஆயில் கொதிச்சு குமிழ் கட்டும், அப்புறம் பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது. ஏற எந்த கியர் தேவையோ கிட்டத்தட்ட அதே கியர்ல இறங்குங்க. ஆட்டோமேட்டிக்ல எல், 2 இல்ல மேனுவல் மோடு இருக்கும். சாவியை அணைச்சுட்டு இறங்கறதா ஒருத்தர் பெருமையா எழுதியிருக்கார், அவருக்கு நான் கும்பிடு மட்டும்தான் போட முடியும், ஸ்டியரிங் லாக் ஆகலாம், பிரேக்குக்கு கிடைக்கிற உதவியும் போயிடும்.

டெம்பரேச்சர் முள் மேல ஏறினா என்ன செய்யணும்?

முதல்ல ஏசியை ஆஃப் பண்ணுங்க, ஹீட்டரை ஃபுல்லா வைங்க, வேர்த்துக் கொட்டும், பரவாயில்ல, இஞ்சின் சூட்டைக் கொஞ்சம் உள்ள இழுக்கும். அப்படியே ஓரமா நிறுத்தி இஞ்சினை அணைங்க. குறைஞ்சது அரை மணி நேரம் ரேடியேட்டர் மூடி பக்கமே போகாதீங்க. உள்ள அழுத்தத்துல 100 டிகிரிக்கு மேல தண்ணி கொதிக்காம அடங்கி இருக்கும், மூடியைத் திறந்த உடனே பீறிட்டு மூஞ்சில அடிக்கும்.

எலக்ட்ரிக் காருக்கு இந்த தொல்லை எல்லாம் இல்லையே?

இஞ்சின் ஆயில் தொல்லை இல்ல, டயர், பிரேக் ஆயில், வைப்பர் எல்லாம் உங்களுக்கும் உண்டு. அதுல ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியும் இருக்கு, அது செத்தா பெரிய பேட்டரி ஃபுல்லா இருந்தாலும் வண்டி எந்திரிக்காது, மூணு நாலு வருஷம் ஆச்சுன்னா செக் பண்ணிடுங்க. ஹைவே வேகத்துல ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜ்ல போற தூரம், குறையும், குளிர்லயும் குறையும், அதனால விளம்பரத்துல போட்ட கிலோமீட்டரை நம்பி பிளான் போடாதீங்க. ஃபாஸ்ட் சார்ஜர்ல 80 சதவீதத்துக்கு மேல ரொம்ப மெதுவாத்தான் ஏறும், 100 வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கறதுக்கு 80ல கிளம்பி அடுத்த ஸ்டாப்ல போட்டுக்கறது லாபம். அந்த அடுத்த சார்ஜர் வேலை செய்யலைன்னா அதுக்கடுத்தது வரைக்கும் போற அளவுக்கு கையில சார்ஜ் இருக்கணும்.

அப்பாவுக்கு 70 வயசு, சுகர் இருக்கு, இன்சுலின் போடறார். எட்டு மணி நேரப் பயணம் தாங்குமா?

கிளம்புறதுக்கு முன்னாடி அவரோட டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. பொதுவா, நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உக்காந்தா கால் நரம்புல ரத்தம் கட்டற அபாயம் கூடுது, அதனால ரெண்டு மணிக்கு ஒரு தடவை இறங்கி நடக்க வைங்க, உக்காந்த இடத்துலயே பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டச் சொல்லுங்க. பாத்ரூம் போகணுமேன்னு தண்ணி குடிக்காம இருப்பாங்க பெரியவங்க, அதை விடாதீங்க. இன்சுலினை டேஷ்போர்டு பெட்டியிலயோ டிக்கிலயோ வைக்கவே கூடாது, நிறுத்தின கார் பத்தே நிமிஷத்துல சுமார் 10 டிகிரி சூடேறும். சின்ன கூல் பேக்ல, ஐஸ் நேரா படாம துணி சுத்தி வச்சு, கூடவே எடுத்துட்டு இறங்குங்க. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனா சுகர் இறங்கலாம், இனிப்பா ஏதாவது அவர் கைக்கு எட்டற இடத்துல இருக்கட்டும். அதே பத்து நிமிஷக் கணக்குதான் குழந்தைக்கும், "ஒரு நிமிஷம் கடைக்குப் போயிட்டு வந்துடறேன்"னு கார்ல விட்டுட்டுப் போகாதீங்க.

120ல போனா சீக்கிரம் போயிடலாமே, நல்ல ரோடுதானே?

200 கிலோமீட்டருக்கு 100ல ரெண்டு மணி நேரம், 120ல ஒரு மணி நாப்பது நிமிஷம். இருபது நிமிஷம் மிச்சம். ஆனா மோதினா வண்டி சுமக்கற சக்தி 44 சதவீதம் கூட, பிரேக் பிடிச்சு நிக்கற தூரமும் அப்படித்தான் கூடும். நடுவுல ஒரு டோல்ல, ஒரு சிக்னல்ல அந்த இருபதுல பாதி போயிடும். சட்டம் என்ன வேகம் சொல்லுதோ அதுக்குள்ள போங்க, முன்னாடி வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டினதுல இருந்து நீங்க தாண்ட மூணு செகண்டு ஆகணும், மழைன்னா அதை இரட்டிப்பாக்குங்க. தண்ணி தேங்கின இடத்துல ஸ்டியரிங் திடீர்னு லேசானா பிரேக்கை மிதிக்காதீங்க, ஆக்சிலேட்டரை விட்டுட்டு நேரா பிடிச்சுக்குங்க, டயர் மறுபடி ரோட்டைத் தொடும். மழைல, வேகத்தைத் தானா பிடிச்சு வச்சுக்கற குரூஸ் கன்ட்ரோலும் வேண்டாம்.

ஹைவேல வண்டி நின்னுட்டா?

ஓடுற வரைக்கும் ஓட்டி முடிஞ்ச அளவு இடதோ வலதோ உங்க ரோட்டு விதிப்படி ஓரத்துக்குக் கொண்டு போங்க, ஹசார்ட் லைட் போடுங்க, ட்ராஃபிக் இல்லாத பக்கக் கதவு வழியா எல்லாரும் இறங்கி தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க. வண்டிக்குள்ள உக்காந்து போன் பாக்கறதும், பின்னாடி நின்னு டிக்கியை நோண்டறதும்தான் உயிருக்கு உலை. முக்கோண ரிஃப்ளெக்டரை சாதா ரோட்டுல 50 மீட்டராவது பின்னாடி வைங்க, வேகமான ரோட்டுல இன்னும் தள்ளி; ஆனா சில நாடுகள்ல மோட்டார்வேல அதை வைக்க இறங்கி நடக்கவே கூடாதுன்னு விதி, போற இடத்தோட விதியைப் பாத்துக்கோங்க. பளிச்னு தெரியற ஜாக்கெட், டார்ச் ரெண்டும் டிக்கி அடியில புதைஞ்சு கிடக்காம கதவு பாக்கெட்ல இருக்கட்டும். உதவிக்குக் கூப்பிட வேண்டிய நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி வைங்க, போன் சார்ஜ் தீர்ந்த நேரத்துல அதுக்குள்ள இருக்கற நம்பரால ஒரு பிரயோஜனமும் இல்ல.